கைக்கணக்கிலிருந்து முள் கணக்குக்கு: டார்க் ரெஞ்ச் வந்த கதை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "கல்லூரி நினைவாக ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். நினைவு என்று உட்கார்ந்தால் எனக்கு விடுதிச் சாப்பாடும் ஞாபகம் வரவில்லை, ஆண்டு விழாவும் ஞாபகம் வரவில்லை. பட்டறை மூலையில் எப்போதும் பூட்டியே கிடந்த ஒரு பச்சை நிற அலமாரிதான் கண் முன்னால் வந்து நின்றது.

அந்த அலமாரியின் சாவி எங்கள் ஃபோர்மேன் ஒருவரிடம்தான் இருக்கும். ஒரு நாள் எங்கள் அணியில் இருந்த எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினார். வைஸில் ஒரு தடித்த இரும்புப் பட்டை. அதில் மரை போட்ட எட்டு ஓட்டைகள். ஆளுக்கு ஒரு போல்ட்டையும், பொதுவாக ஒரு ரிங் ஸ்பேனரையும் கொடுத்தார். "ஒண்ணும் பெரிசா செய்ய வேண்டாம். நல்லா டைட் வைங்கடா, அது போதும்" என்றார்.

ஆளாளுக்கு வைத்தோம். பிறகு அலமாரியைத் திறந்து, நீளமான கைப்பிடியும் மெல்லிய முள்ளும் கொண்ட ஒரு கருவியை எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டாக அதை மாட்டி மெதுவாக இழுத்து, போல்ட் அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். எட்டும் எட்டு விதம். அதிகமாக வைத்தவன் அளவு, குறைவாக வைத்தவன் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! அவர் கேட்டார்: "எட்டுப் பேரும் நல்லாத்தான் வச்சீங்க. எட்டு 'நல்லா' இருக்கே, எஞ்சினுக்கு இதுல எந்த 'நல்லா' வேணும்?"

எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு மனிதர்கள் தேடிய பதில்தான் டார்க் ரெஞ்சின் சரித்திரம். மற்றப் பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு ஸ்கூட்டரோ காரோ வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், இந்தக் கதையின் கடைசிப் பகுதி அவர் பணத்தையும், சில சமயம் உயிரையும் காப்பாற்றும்.

போல்ட் ஒரு ஸ்பிரிங்

போல்ட் எப்படிப் பிடிக்கிறது? "இறுக்கினால் பிடிக்கும்" என்போம். உண்மையில் இறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட ஸ்பிரிங் சுருங்கப் பார்ப்பதுபோல் அதுவும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. நீட்சியும் விசையும் ஒரே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 8.8 என்று தலையில் முத்திரை குத்திய போல்ட்டை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் படாத மரைக்கு நாம் படித்த சூத்திரம்: டார்க் என்பது 0.2 பெருக்கல் விட்டம் பெருக்கல் இழுவிசை. 50 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தால் இழுவிசை 25,000 நியூட்டன் வருகிறது. அதாவது ஏறக்குறைய இரண்டரை டன்! விரல் பருமன்கூட இல்லாத போல்ட், அவ்வளவு பெரிய விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. நிரந்தரமாக நீண்டுவிடாமல் அது தாங்கக்கூடியது சுமார் 33,600 நியூட்டன்.

குறைவாக இறுக்கினால் அதிர்வில் கழன்றுகொள்ளும், கேஸ்கெட் ஒழுகும். அதிகமாக இறுக்கினால் போல்ட் நீண்டு சோர்ந்துபோகும், இல்லாவிட்டால் மரை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் அவ்வளவு அகலமானதல்ல. அதைக் கை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது எட்டுப் பேருக்கும் முடியவில்லை என்பதைத்தான் அன்று கரும்பலகையில் பார்த்தோம்.

நியூயார்க் தண்ணீர்க் குழாயில் பிறந்தது

இந்தக் கருவி விமானத் தொழிற்சாலையிலோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலோ பிறந்தது என்று நினைத்தால் தவறு. தெருவுக்கு அடியில், தண்ணீர்க் குழாய்ப் பள்ளத்தில் பிறந்தது!

நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் கான்ராட் பார் என்பவர் வேலை பார்த்தார். இரண்டு பெரிய குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சைச் சுற்றிப் பல போல்ட்டுகள் இருக்கும். ஒருவர் இறுக்கிய போல்ட்டும் அடுத்தவர் இறுக்கிய போல்ட்டும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது அவருக்குப் பெரிய தலைவலி. ஒரு பக்கம் அதிகம், மறு பக்கம் குறைவு என்றால் ஃபிளாஞ்ச் சாய்ந்து ஒழுகத்தான் செய்யும். ஒழுகினால் மறுபடி தெருவைத் தோண்ட வேண்டும். குறித்த அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளும் கருவி ஒன்றை 1918-லேயே தான் செய்துவிட்டதாக அவர் சொன்னார். ஜார்ஜ் ஃபெஃபர்லே என்ற பொறியாளரோடு சேர்ந்து, அளவை மாற்றி வைக்கக்கூடிய, அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் ராட்செட் ரெஞ்சுக்கு 1935-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று கடையில் "கிளிக் டைப்" என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு இதுதான் முப்பாட்டன்.

இதற்கு முன்பே, 1931-இல், சிகாகோவைச் சேர்ந்த ஜான் ஷார்ப் என்பவர் அளவைக் காட்டும் ரெஞ்சுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஆக ஆரம்பத்திலேயே இரண்டு கிளைகள்: அளவைக் காட்டுவது ஒன்று, அளவு வந்ததும் சொல்வது மற்றொன்று.

டெட்ராய்ட்டில் வளர்ந்தது

அதே காலத்தில் மோட்டார் கார்த் தொழிலிலும் இந்தத் தேவை முற்றிக்கொண்டிருந்தது. ஃபோர்டின் மாடல் டி எஞ்சினில் அமுக்க விகிதம் சுமார் 4 தான். 1924-இல் வால்டர் கிரைஸ்லர் கொண்டுவந்த காரில் அது 4.7 ஆக உயர்ந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, ஹெட் கேஸ்கெட் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுந்தி உட்கார வேண்டும். ஒரு போல்ட் ஏமாற்றினாலும் கேஸ்கெட் ஊதிவிடும்.

முள்ளும் தண்டும் கொண்ட எளிய டார்க் ரெஞ்சை 1920-களின் கடைசியிலும் 30-களின் தொடக்கத்திலும் உருவாக்கியவர் என்று வால்டர் கிரைஸ்லரின் பெயரையே சொல்வார்கள். அதைச் செய்து விற்கும் உரிமையை பால் ஸ்டர்ட்டெவன்ட் என்ற விற்பனைப் பிரதிநிதி பெற்றார். 1938-இல் அவர் பெயரில் காப்புரிமையும் வந்தது. கருவி, தொழிற்சாலைச் சுவரைத் தாண்டிப் பட்டறைகளுக்கு வந்தது அவர் கைவண்ணம்.

அந்த அமைப்பைப் பாருங்கள். கைப்பிடியோடு சேர்ந்த ஒரு தடித்த தண்டு. இழுக்கும்போது அது வளையும். தலையில் பொருத்திய மெல்லிய முள் மட்டும் வளையாமல் நேராக நிற்கும். தண்டு எவ்வளவு வளைந்தது என்பதை முள் காட்டும். ஹூக் சொன்ன விதிதான், வேறொன்றும் இல்லை. போல்ட் என்ற ஸ்பிரிங்கை அளக்க இன்னொரு ஸ்பிரிங்! உள்ளே தேய்வதற்கு ஒன்றும் இல்லை, உடைவதற்கும் அதிகம் இல்லை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது விமான எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. பரம்பரை ஃபிட்டர்கள் போதவில்லை. புதிதாக வந்தவர்கள் கையிலும் அதே அளவு இறுக்கம் வர வேண்டும். இங்கிலாந்தின் பான்பரி ஊரில் நார்பார் நிறுவனம் அந்தப் போர்க்காலத்தில்தான் தொடங்கியது, ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் வேலைக்கான டார்க் ரெஞ்சுகளோடு. இருபது வருட அனுபவத்தின் ஒரு பகுதியை ஒரு முள்ளில் அடைத்துப் புது ஆளின் கையில் கொடுத்ததுதான் இந்தக் கருவி செய்த பெரிய காரியம்.

இரும்பு மன்னித்தது, அலுமினியம் மன்னிக்கவில்லை

நம் ஊருக்கு வருவோம். நம்முடைய பழைய மெக்கானிக்குகள் இந்தக் கருவி இல்லாமலேயே எஞ்சின் கட்டினார்களே, அது எப்படி? இரண்டு காரணம். ஒன்று, அவர்கள் கை உண்மையிலேயே பழகிய கை. மற்றொன்று, இரும்பு. அம்பாசடர் காரின் பழைய எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. பிளக்கைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலும் இரும்பு பொறுத்துக்கொள்ளும்.

அலுமினியம் அப்படியல்ல. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட்டில் சிலிண்டர் இரும்பு, ஹெட் அலுமினியம். 1983-இல் வந்த மாருதி 800-இன் ஹெட்டும் அலுமினியமே. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர், பைக் எல்லாவற்றிலும் அலுமினியம்தான். இரும்புக்குப் பழகிய கை அலுமினியத்தில் பட்டால் "மரை போச்சு சார், ஹெலிகாயில் போடணும்" என்ற வசனம் கேட்கும். மரை கழன்ற மனிதரைக்கூட வைத்துச் சமாளிக்கலாம், மரை போன ஹெட்டை வைத்து என்ன செய்வது?

என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு டயர் கடையில் சக்கரங்களை மாற்றிப் போட்டார்கள். காற்றில் இயங்கும் துப்பாக்கியை வைத்து 'டர்ர்ர்' என்று நட்டுகளை ஏற்றினார்கள். கையால் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் டயர் பஞ்சர். காருக்குள் மனைவியும் வயதான தாயாரும். நான் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் நட்டு அசையவில்லை. கடைசியில் அசைந்தபோது ஸ்டட் 'பட்'டென்று முறிந்தது. பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும் லாரிகளின் வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரம் நின்றோம். அப்போதுதான் பச்சை அலமாரி நினைவுக்கு வந்தது. மெக்கானிக்கல் படித்துவிட்டு, என் சொந்தக் காரின் நட்டு எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமே கடைக்குப் போனேன்.

எதை வாங்குவது?

கடைக்காரர் மூன்று வகை காட்டுவார். முள் வகை, கிளிக் வகை, பேட்டரி போட்ட டிஜிட்டல் வகை. வீட்டு உபயோகத்துக்கு என் கருத்து இதுதான்.

முள் வகை விலை குறைவு. இடம் வலம் இரண்டு பக்கமும் அளக்கும். முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் மெல்ல வளைத்து நேராக்கிவிடலாம். குறை என்ன? முள்ளை நேருக்கு நேர் பார்த்துப் படிக்க வேண்டும். சந்துக்குள் இருக்கும் போல்ட்டுக்குக் கழுத்து வலிக்கும். கைப்பிடியை அதற்குரிய இடத்தில்தான் பிடிக்க வேண்டும். பைப் சொருகி நீட்டினால் கணக்கே தப்பு.

கிளிக் வகை வேகமானது, இருட்டிலும் வேலை செய்யலாம். ஆனால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தவே கூடாது. 'கிளிக்' கேட்டதும் நிறுத்த வேண்டும். "இன்னும் ஒண்ணு" என்று இழுத்தால் வாங்கியதே வீண்.

துல்லியத்தில் எவ்வளவு வித்தியாசம்? ஐ.எஸ்.ஓ. 6789 என்ற உலகத் தர விதி, கிளிக் வகைக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் 4 சதவீதம் கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. முள் வகைக்கு 6 சதவீதம். இந்த 2 சதவீதத்துக்காக வீட்டுக்காரர் தூக்கம் கெட வேண்டாம். ஏனென்றால் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வில் போகிறது. இன்னொரு 40 சதவீதம் மரை உராய்வில் போகிறது. பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது! உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுவிசை நிறைய மாறிவிடும்.

முன்பு போட்ட கணக்கையே பாருங்கள். மரையில் எண்ணெய் தடவினால் 0.2 என்பது 0.15 ஆகலாம். அதே 50 நியூட்டன் மீட்டருக்கு இழுவிசை 25,000-இலிருந்து 33,300 நியூட்டனாக ஏறிவிடும். போல்ட் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஆகவே விலை உயர்ந்த கருவியை விட, மரையைச் சுத்தம் செய்யும் ஒரு பழைய டூத் பிரஷ் அதிகத் துல்லியம் தரும். எண்ணெய் போடு என்று கையேடு சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் போடாதீர்கள்.

அளவு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பெரிசா வாங்கினா எல்லாத்துக்கும் ஆகும்" என்பது தப்புக் கணக்கு. அந்தத் தர விதியே கருவியின் உச்ச அளவில் 20 சதவீதத்திலிருந்துதான் துல்லியத்துக்குப் பொறுப்பேற்கிறது. 200 வரை போகும் அரை இன்ச் ரெஞ்சில் 40-க்குக் கீழே நம்பக் கூடாது. பெரும்பாலான கார்களின் சக்கர நட்டு 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அதற்கு அரை இன்ச் சரி. ஆனால் அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30, சின்ன பைக்குகளின் 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 முதல் 12 போதும். பைக் மட்டும் வைத்திருப்பவர் 3/8 இன்ச் அளவில் சிறியதாக வாங்கட்டும். எந்த நட்டுக்கு எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேடுதான் வேதம். நான் சொன்னது பொதுவான அளவு.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் இருக்கும், சிலவற்றில் பவுண்டு அடி இருக்கும். 1 கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 10 பவுண்டு அடி என்பது 13.6 நியூட்டன் மீட்டர். அலகு மாறினால் மரை மாறிவிடும்!

மலிவாக வாங்கியதை நம்பலாமா? வீட்டிலேயே சோதிக்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்குக் கிடையாக இருக்கும்படி வையுங்கள். சதுர முனையின் மையத்திலிருந்து பிடியின் நடு வரை தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அங்கே ஒரு வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தூரம் அரை மீட்டர், வாளியும் தண்ணீரும் சேர்ந்து 10 கிலோ என்றால் அது 5 கிலோகிராம் மீட்டர், அதாவது 49 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையும் 2, 3 நியூட்டன் மீட்டர் கூட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளிக் வகை என்றால் எந்த எடையில் சத்தம் வருகிறது என்று பாருங்கள். மளிகைக் கடைத் தராசும் ஒரு டேப்பும் இருந்தால் ஆய்வுக்கூடம் தயார்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா?

முடிக்கும் முன் ஒரு சம்பவம். 1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம், சுமார் 17,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. விமானியின் முன்கண்ணாடி திடீரென்று பிடுங்கிக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தது அதிசயம்.

காரணம்? 27 மணி நேரத்துக்கு முன் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 கொஞ்சம் மெலிந்த அளவு. பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை. மாட்டியவர் கையில் டார்க் அளவுள்ள ஸ்குரூ டிரைவர் இருந்தது! அளவு வைத்துத்தான் இறுக்கினார். அளவு வந்ததால் கருவி நழுவியதா, மெலிந்த போல்ட் மரைக்குள்ளேயே வழுக்கியதா என்ற வித்தியாசம் கைக்குத் தெரியவில்லை.

ஆகவே கருவி கையை வேலையிலிருந்து நீக்கிவிடவில்லை. சரியான போல்ட்டா, மரை சுத்தமா, எந்த வரிசையில் இறுக்க வேண்டும், இந்த போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் நம் பொறுப்பு. இன்றைய பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை ஓர் அளவு வரை டார்க் வைத்து, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்கிறார்கள். அவற்றில் பலவற்றை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அதையும் கையேடுதான் சொல்லும்.

பச்சை அலமாரி இப்போதும் இருக்கிறதா, தெரியவில்லை. அந்தக் காலத்தில் பூட்டி வைக்க வேண்டிய விலையில் இருந்தது அந்தக் கருவி. இன்று ஒரு மரை போன ஹெட்டைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் முள் வகை ஒன்று பெரிய செலவல்ல. பூட்டிய அலமாரியிலிருந்து வெளியே வந்து வீட்டுச் சுவரில் தொங்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இளைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழா முடிந்ததும் பட்டறைப் பக்கம் வாருங்கள். ஒரு இரும்புப் பட்டை, எட்டு போல்ட், ஒரு ரிங் ஸ்பேனர் ஏற்பாடு செய்யுங்கள். முன்னாள் மாணவர்கள் எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி, "நல்லா டைட் வைங்க சார்" என்று சொல்லுங்கள். நாங்கள் வைக்கிறோம். நீங்கள் அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் எட்டு விதமாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்!